மலை வெயிலில் சயனோடைப்: இரும்பை வைத்துப் படம் அச்சிடத் தொடங்குவோருக்கு

பிளஸ் டூ வேதியியலில் அணைவுச் சேர்மங்கள் (ஒரு உலோகத்தைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) பாடம் பலருக்கும் பெயரிடும் விதிகளோடு நின்றுவிடுகிறது. மைய உலோகம், ஈனி, அணைவு எண் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடலாம். அதே பாடத்தை ஒரு தாள், இரண்டு உப்புகள், கொஞ்சம் வெயில் கொண்டு கண்ணெதிரே நடத்திக் காட்டும் வேலை ஒன்று உண்டு. 1842இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த, வெயிலில் நீலப் படம் விழவைக்கும் சயனோடைப் அச்சுதான் அது. கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம். அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் அச்சிட்டுத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கிவிட்டார்.

நீலகிரியில் இதைச் செய்வோருக்குச் சில வசதிகள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. தோல் கருக்கும் அந்தக் குளிர்ந்த வெயில்தான் இந்த வேலைக்குத் தேவை. ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். அச்சிட அழகான இலைகள் வேலியோரமே கிடைக்கும். தொல்லை இரண்டு: ஈரக்காற்று, பனிமூட்டம். கீழே சொல்லும் முன்னெச்சரிக்கைகளில் பாதி இந்த இரண்டுக்காகத்தான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்த வேலையில் எது சரியாக வந்தாலும், எது பிசகினாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த நேரத்தில் இரும்பை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? சிட்ரேட்டா, சயனைடா, ஹைட்ராக்சைடா, டீயில் உள்ள டானினா? நிறம் மாறுவது, கரைவது, கரையாமல் தாளில் நிற்பது எல்லாம் அதைப் பொறுத்தவை.

ஒரு டம்ளரில் முன்னோட்டம்

பால் சேர்க்காத டீ டிகாஷனை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து கண்ணாடி டம்ளரில் எடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதியை, அதாவது ஃபெர்ரஸ் சல்பேட்டை, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். செம்பழுப்பு மறைந்து மை போலக் கறுக்கும். காற்றுப் படப்பட இன்னும் கறுக்கும். இப்போது அரை ஸ்பூன் சிட்ரிக் அமிலம் போடுங்கள். கறுப்பு வெளிறி, டீயின் நிறம் ஏறக்குறையத் திரும்பி வரும். (குடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

நடந்தது இதுதான். டீயில் உள்ள பாலிபீனால்களின் (டானின் என்றது இவற்றைத்தான்) வளையத்தில் பக்கம் பக்கமாக இரண்டு ஆக்சிஜன்கள் உண்டு. அந்த இரண்டாலும் இரும்பை இரண்டு பக்கம் பற்றிக்கொள்கின்றன. அந்த அணைவுதான் கறுப்பு. சிட்ரிக் அமிலம் வந்ததும் சிட்ரேட் இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறது. அமிலமோ பாலிபீனாலின் பிடியைத் தளர்த்துகிறது. இரும்பு டம்ளரை விட்டு எங்கும் போகவில்லை, கைமாறியது மட்டும்தான். இடைநிலைத் தனிமங்களுக்கே உரிய குணம் இது. முழுதும் நிரம்பாத உள் ஆர்பிட்டால்களும் சிறிய, மின்சுமை மிகுந்த அயனியும் இருப்பதால், எலக்ட்ரான் இரட்டை கொடுக்க வரும் மூலக்கூறுகளையும் அயனிகளையும் (இவைதான் ஈனிகள்) இரும்பு தன்னைச் சுற்றி அடுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஆறு இடங்களில். இந்த அடுக்கை 1893இல் விளக்கிய ஆல்ஃபிரட் வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாங்க வேண்டியவை

ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டும் கோயம்புத்தூரில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். முதலாவதில் பச்சை, பழுப்பு என்று இரண்டு வகை உண்டு. பச்சையைக் கேட்டு வாங்குங்கள். பழுப்பு மெதுவாக வேலை செய்யும், வெள்ளைப் பகுதியும் தெளிவாக வராது. இரண்டாவதை வாங்கும்போது கவனம் தேவை. ஃபெர்ரிசயனைடு ஆரஞ்சு கலந்த சிவப்புப் படிகம். அதற்குப் பதில் மஞ்சள் படிகத்தைக் கொடுத்தால் அது ஃபெர்ரோசயனைடு. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். ஆனால் கரைசல்களைக் கலந்த நொடியிலேயே கிண்ணம் முழுக்க நீலமாகிவிடும். வெயிலுக்கு வேலையே இருக்காது.

இவற்றோடு 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர், இரண்டு பழுப்புக் கண்ணாடி பாட்டில், ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு, நுரைப் பிரஷ் ஒன்று, கையுறை, தாளை விடப் பெரிய 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, அதே அளவில் ஒரு பலகை, நான்கு கிளிப், இரண்டு பிளாஸ்டிக் டிரே. சமையலுக்குப் புழங்கும் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். இதற்கு எடுத்ததைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உலோகப் பாத்திரம், தகரப் பூண் போட்ட பிரஷ் இரண்டும் ஆகாது. பூணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துரு ஒரு துகள் உதிர்ந்தாலும் வெள்ளைப் பகுதியில் நீலப் புள்ளியாக வந்து நிற்கும். தாமிரப் பாத்திரமாக இருந்தால் செம்பழுப்புக் கறை வரும். அது தாமிரமும் ஃபெர்ரோசயனைடும் சேர்ந்த சேர்மம். சிட்ரேட்டும் சயனைடும் எதிரே வரும் எந்த இடைநிலை உலோகத்தையும் விட்டு வைப்பதில்லை.

கரைசல்கள்

முதல் பாட்டிலில் 25 கிராம் ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டை 100 மி.லி. ஆகும்படி கரையுங்கள். இரண்டாவதில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, அதுவும் 100 மி.லி. முதலில் 70 மி.லி. அளவு தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு அளவைக் கூட்டுவது நல்லது. ஊட்டிக் குளிரில் ஃபெர்ரிசயனைடு கரைய நேரமெடுக்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக்கினால் போதும், கொதிக்க வைக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியே இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கலந்த கரைசல் அன்றைக்கு மட்டும்தான்.

சிட்ரேட் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஜூலை மாதம் கூடலூரில் மூடியைத் திறந்து போட்டால் தூள் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். பிறகு எடைபோடுவதில் அர்த்தமே இல்லை. அதனால் வாங்கிய அன்றே முழுவதையும் கரைசலாக்கிவிடுவது மலைப் பகுதிக்குப் பொருத்தம். ஆனால் அந்தக் கரைசலில் பூஞ்சை பிடிக்கும், சிட்ரேட் அதற்குத் தீனி. மேலே வெள்ளை ஆடை கட்டினால் காபி வடிகட்டும் தாளில் வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். சிறு துணுக்கு தைமால் (ஓம உப்பு) போட்டு வைத்தால் பூஞ்சை தாமதமாகும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. ஃபெர்ரிசயனைடு என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆறு சயனைடும் இரும்போடு கார்பன் பக்கமாக இறுக்கிப் பிணைந்திருக்கின்றன. சாதாரணத் தண்ணீரில் எளிதில் கழன்று வராது. ஆனால் கழிப்பறை கழுவும் ஆசிட் போன்ற வலுவான அமிலத்தோடு சேர்ந்தால், அதுவும் சூடு இருந்தால், அந்தப் பிடி உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அது உயிரைக் குடிப்பது. ஆசிட் பாட்டில் இருக்கும் குளியலறையை வேலையிடமாக்காதீர்கள். குழந்தைகள் செய்யும்போது கரைசல் கலப்பதைப் பெரியவர் செய்யட்டும், இலை அடுக்குவதைப் பிள்ளைகளிடம் விடலாம்.

தாள்

ஜெராக்ஸ் தாள், சார்ட் பேப்பர் பலவற்றில் சுண்ணாம்புப் பொடி நிரப்பியிருப்பார்கள். அது காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. சயனோடைப் நீலம் காரத்தில் கரைந்து ஓடும். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிக் குமிழி எழுந்தால் அந்தத் தாள் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில், அதாவது லிட்டருக்கு 20 கிராம், குமிழி நிற்கும் வரை ஊற வைத்து அலசி உலர்த்திக்கொள்ளலாம். வாட்டர்கலர் ஓவியத்துக்கான 200 முதல் 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் சிறந்தது. மெல்லிய தாள் டிரேயில் அரை மணி நேரம் ஊறினால் கிழிந்துவிடும்.

பூசுதல், உலர்த்தல்

மாலை இருட்டிய பிறகு பூசுவது எளிது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பூஜை அறையில் எரியுமே அந்தச் சிவப்பு ஜீரோ வாட் பல்ப் வெளிச்சத்தில் செய்யுங்கள். டியூப் லைட் அருகில் வேண்டாம்.

ஒவ்வொரு கரைசலுக்கும் தனி சிரிஞ்சு. 10 மி.லி. முதல் கரைசல், 10 மி.லி. இரண்டாவது, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில். ஏ4 தாளுக்குச் சுமார் 4 மி.லி. போகும், இந்த 20 மி.லி. ஐந்து தாளுக்கு வரும். தாளைப் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். பிரஷை முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்துகொண்டால் கரைசல் வீணாகாது. இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை, ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாளின் மேற்பரப்பு நார் நாராக எழும். குட்டையாகத் தேங்கும் இடமும் இருக்கக் கூடாது. அங்கே உப்பு படிகமாகி நிற்கும், கழுவும்போது நீலம் செதிலாகக் கழன்று போகும்.

நல்ல பூச்சு எலுமிச்சை மஞ்சளில் லேசாகப் பச்சை கலந்த நிறத்தில் இருக்கும்.

உலர்த்துவதில்தான் மலையில் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். சமவெளிக் கோடையில் அரை மணியில் காயும் தாள், குன்னூரில் நவம்பர் மழையின்போது இரவு முழுக்கத் தொடுகைக்குக் குளிர்ந்தே இருக்கும். ஈரமாக இருக்கும் வரை சிட்ரேட்டும் இரும்பும் ஃபெர்ரிசயனைடும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே இருக்கின்றன. வெளிச்சமே இல்லாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு ஒடுக்கமடையும், அதாவது எலக்ட்ரான் வாங்கும். காலையில் பார்த்தால் தாள் நீலச்சாம்பல் பூத்திருக்கும். அவசரப்பட்டு அடுப்பு மேலே பிடித்தாலும் அதே கதிதான், சூடு இந்த வினையை முடுக்கிவிடும். சரியான வழி: பத்து நிமிடம் படுக்கையாக வைத்துத் தாள் கரைசலை உறிஞ்சவிடுங்கள். பிறகு ஒரு முழத் தூரத்திலிருந்து ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் ஓடவிடுங்கள். அது முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட காற்றுப் புகாத டப்பாவில், கறுப்புத் தாளில் சுற்றி, ஒரு மணி நேரமாவது வையுங்கள். சிலிக்கா ஜெல்லை வாணலியில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். வாணலி தனியாக இருக்கட்டும். தாளைப் புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கக் கூடாது, வளைத்தால் மொடமொடவென்று இருக்க வேண்டும். பூசிய தாளை மறுநாளுக்குள் அச்சிட்டுவிடுங்கள்.

எதை அச்சிடலாம்

ஊட்டி கேரட் தழையை விடச் சிறந்த தொடக்கப் பொருள் இல்லை. நூல் நூலாகப் பிரியும் அதன் விளிம்புகள் கூர்மையாக விழும், தழை சும்மாவே கிடைக்கும். தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கின் உதிர்ந்த இலை பெரணி மாதிரியே வெட்டுப்பட்டது, ஏற்கெனவே காய்ந்தும் இருக்கும். வேலியோரப் பெரணி நன்றாக வரும். காப்புக்காட்டுக்குள் போய் எதையும் பறிக்காதீர்கள். குறிஞ்சி பூத்திருக்கும் ஆண்டாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பச்சை இலையை நேராக வைத்தால் அதிலிருந்து கசியும் ஈரம் கண்ணாடிக்கு அடியில் முத்து முத்தாகக் கட்டிப் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். ஒரு நாள் முழுக்கச் செய்தித்தாளுக்கு நடுவே கனமான புத்தகம் வைத்து அமுக்குங்கள். அவசரமென்றால் இலைக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை வையுங்கள். போட்டோ அச்சிட வேண்டுமானால் கருப்பு வெள்ளைப் படத்தை எதிர்மாறாக்கி அதே ஷீட்டில் பிரிண்ட் எடுத்து வைக்கலாம்.

மேலே மூடுவது சாதாரணக் கண்ணாடியாக இருக்கட்டும். அக்ரிலிக் ஷீட்டுகள் சிலவற்றில் புறஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கும். அரை மணி வெயிலில் வைத்தும் ஒன்றுமே விழவில்லையென்றால் அதைச் சந்தேகியுங்கள்.

வெயிலில்

வெயில் பட்டதும் தாளில் நடப்பது இது. ஃபெர்ரிக் அயனியை, அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பை, பிடித்திருக்கும் சிட்ரேட், ஒளியின் ஆற்றலை வாங்கித் தன் எலக்ட்ரான் ஒன்றை இரும்பிடம் கொடுத்துவிடுகிறது. கொடுத்த சிட்ரேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. வாங்கிய இரும்பு இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்த ஃபெர்ரஸ் ஆகிறது. ஃபெர்ரஸ் ஆன இரும்பு பக்கத்தில் இருக்கும் ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. அந்தப் படிகத்தில் ஒவ்வொரு சயனைடும் இரண்டு இரும்புகளுக்கு நடுவே பாலமாக நிற்கும்: கார்பன் முனையில் ஃபெர்ரஸ், நைட்ரஜன் முனையில் ஃபெர்ரிக். ஒரு இரும்பிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவும்போது சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது. அதனால்தான் மிச்சம் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. இந்த வலைப்பின்னல் தண்ணீரில் கரையாது. தாலியம், கதிரியக்க சீசியம் உடலுக்குள் போனவர்களுக்கு மருந்தாகவே இதை விழுங்கக் கொடுக்கிறார்கள், அவ்வளவு உறுதி.

நேரக் கணக்குக்கு முதலில் ஒரு சோதனைத் துண்டு போட்டே ஆக வேண்டும். பூசிய தாளில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக்கு அடியில் வைத்து, மேலே அட்டையால் மூடுங்கள். அட்டையை மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு விரல் அளவு நகர்த்திக்கொண்டே போங்கள். கடைசியில் 15, 12, 9, 6, 3 நிமிடம் என்று ஐந்து படிகள் இருக்கும். கழுவிப் பார்த்து, நீலம் இனி ஆழமாகாது என்று தோன்றும் படிகளில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை, உறைபனி விலகித் தெளிந்த நாளில், 11 மணி முதல் 1 மணி வரை இலைகளுக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 நிமிடம் போதும். மெல்லிய மேகமென்றால் அதைப் போல் இரண்டு மடங்கு. வெளுத்த பனிமூட்டத்தில் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இழுக்கும். படம் விழும், ஆனால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து வருவதால் தண்டு தடித்த இடங்களில் விளிம்பு மங்கும். சிலருக்கு அந்த மங்கலே பிடிக்கும். பிற்பகலில் மூட்டம் ஏறும் இடங்களில் காலையிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடிகாரத்தை விட நிறத்தை நம்புங்கள். மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் மங்கி வெண்கலம் கலந்த சாம்பலாகும். புதியவர்கள் நீலத்தைப் பார்த்ததுமே எடுத்துவிடுவார்கள். கழுவினால் பாதி போய்விடும். அந்தச் சாம்பல் வரும் வரை விடுங்கள். சாம்பல் என்றால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. பிரஷ்யன் நீலத்தில் மிச்சமிருக்கும் ஃபெர்ரிக் இரும்பும் எலக்ட்ரான் வாங்கி ஃபெர்ரஸ் ஆகிவிடும்போது நிறமற்ற பிரஷ்யன் வெள்ளையாகிறது, அவ்வளவுதான். தண்ணீரிலும் காற்றிலும் அது நீலத்துக்குத் திரும்பும்.

கழுவுதல்

இந்த அச்சில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கிடையாது. 1960இல் ஊட்டியில் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த பிலிமில் இருந்தது வெள்ளி உப்பு. அது தண்ணீரில் கரையாது. தயோசல்பேட் என்ற ஈனி வந்து வெள்ளியைப் பிடித்து அணைவாக்கினால்தான் கரைந்து போகும். அதைக் கண்டறிந்தவரும் இதே ஹெர்ஷல்தான், 1819இல். சயனோடைப்பில் வெயில் படாத இரு உப்புகளும் தண்ணீரிலேயே கரைபவை, அதனால் தண்ணீர் போதும்.

டிரேயில் தண்ணீர் நிரப்பி லிட்டருக்கு ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போடுங்கள். தாளைக் குப்புறப் போட்டு லேசாக ஆட்டுங்கள். மஞ்சள் வழிந்து இறங்குவது தெரியும். இரண்டு நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரைத் தனி வாளியில் ஊற்றி வைத்துவிட்டு, புதுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயை துளியும் இல்லாதபோது நிறுத்துங்கள். அதற்கு மேல் ஊற விட்டால் வெளிர்ந்த பகுதிகளில் இருக்கும் நீலம் குறையும்.

உடனே முழு நிறம் பார்க்க வேண்டுமென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 50 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அதில் முக்குங்கள். சாம்பலாக இருந்த இடங்கள் சட்டென்று ஆழ்ந்த நீலமாகும். இல்லாவிட்டால் ஒரு நாள் காற்றில் வைத்தாலும் அதே நிறம்தான் வரும். பெராக்சைடு பொறுமை இல்லாதவர்களுக்கானது.

என்ன பிசகியது, ஏன்

நீலம் முழுக்கத் தண்ணீரில் ஓடிவிட்டால் முதலில் வெயில் போதவில்லையா என்று பாருங்கள். நேரம் சரியென்றால் பூச்சு தடித்திருக்கும், அல்லது தாள் கரைசலை உள்ளே இழுக்காத வழவழப்புத் தாளாக இருக்கும். நீலம் நாருக்குள் உருவாகாமல் மேலேயே உருவாகிக் கழன்றுவிடுகிறது.

வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் இளநீலமாக வந்தால் காரணம் பலவாக இருக்கலாம். ஈரத்தோடு தாள் காத்திருந்தது, கலந்த கரைசல் நேற்றையது, பூசும்போது வெளிச்சம் இருந்தது. இவை எதுவும் இல்லையென்றால் குழாயைப் பாருங்கள். பழைய இரும்புக் குழாயில் இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். தாளில் இன்னும் போகாத ஃபெர்ரிசயனைடு அதைக் கண்டதும் பிடித்துக்கொண்டு நீலமாகும். காலையில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

கழுவக் கழுவ நீலம் ஊதா கலந்து வெளிறினால் அது காரம். டிரேயைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவிச் சரியாக அலசவில்லை, அல்லது போர்வெல் தண்ணீர். ஹைட்ராக்சைடு வந்து ஃபெர்ரிக் இரும்பை இழுத்துக்கொண்டால் நீல வலையே குலைகிறது. உடனே சிட்ரிக் அமிலம் போட்ட தண்ணீருக்கு மாற்றினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

மாதங்கள் கழித்து வெள்ளைப் பகுதி பழுப்பேறினால் கழுவியது போதவில்லை, சிட்ரேட் இரும்பு உள்ளேயே தங்கிவிட்டது. இதற்குப் பின்னால் மருந்து இல்லை.

டீயில் தோய்த்துக் கறுப்பாக்குதல்

காரம் நீலத்தைக் குலைக்கும் என்பதை வேண்டுமென்றே பயன்படுத்தும் வேலை இது. தொடக்கத்தில் டம்ளரில் பார்த்த கறுப்பு இங்கே தாளில் வரும். நன்றாகக் கழுவி ஒரு நாள் உலர்ந்த, கொஞ்சம் கூடுதலாகவே வெயில் காட்டிய அச்சைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சலவைச் சோடா கரையுங்கள். ஆப்பச் சோடா அல்ல. கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டரில் 20 கிராம் டஸ்ட் டீ போட்டுப் பதினைந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கீழ்நாட்டுக் கணக்கை விடக் கொஞ்சம் அதிக நேரம் ஊற விடுவதில் தவறில்லை.

அச்சைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் சோடாவில் முக்குங்கள். நீலம் ஊதாவாகி, ஊதா வெளிறி, அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வெளிர் மஞ்சளாகிவிடும். படம் போய்விட்டது என்று பதற வேண்டாம். சயனைடு பிடித்த இரும்பு ஃபெர்ரோசயனைடாகத் தண்ணீருக்குப் போய்விட்டது. மற்ற இரும்பு ஹைட்ராக்சைடாகத் தாளிலேயே, படத்தின் வடிவிலேயே உட்கார்ந்திருக்கிறது. மூன்று தரம் தண்ணீர் மாற்றி அலசுங்கள். சோடா மிச்சமிருந்தால் டீ அதில் பட்டுத் தானாகவே கருத்துத் தாளெல்லாம் அழுக்கு நிறமாகும். பிறகு டீயில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பை நோக்கி ஏறும். கடைசியாகப் பத்து நிமிடம் அலசல்.

டீ தாளையும் சாயமேற்றும். வெள்ளை வெள்ளையாக இராது, பழைய ஆவணத் தாளின் நிறம் வரும். அது வேண்டாமென்றால் கிரீன் டீ கொஞ்சம் குறைவாகக் கறைபடுத்தும். நல்ல கறுப்பு வேண்டுமானால் கடுக்காய்த்தூள் 10 கிராமை ஒரு லிட்டரில் கொதிக்க வைத்து வடித்துப் பயன்படுத்துங்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியது நம் ஊர்ப் பழக்கம்தான். சோடாவில் முக்காமல் நேராக டீயில் போட்டால் நீலம் முழுக்கப் போகாது, நீலக்கறுப்பாக நிற்கும். தொடக்கத்தில் இதைச் செய்து பழகுவது சுலபம், தோற்பதும் குறைவு.

மிச்சத்தை என்ன செய்வது

முதல் கழுவல் தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள். இந்த மலையின் ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும் போகின்றன. ஃபெர்ரிசயனைடு இருட்டில் சாதுதான், ஆனால் நீர்த்த நிலையில் நேரடி வெயிலில் கிடந்தால் சயனைடு மெல்லக் கழன்று வரும். வாளியில் சேர்த்த முதல் கழுவல், சோடாக் கழுவல் இரண்டையும் ஒன்றாக்கி, நிழலில் வைத்து, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சிட்ரிக் அமிலமும் பிறகு இரண்டு ஸ்பூன் அன்னபேதியும் போட்டுக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். சயனைடு பிடித்த இரும்பெல்லாம் நீலக் கசடாக அடியில் படியும். மேல் தண்ணீர் இன்னும் மஞ்சளாக இருந்தால் இன்னொரு ஸ்பூன் அன்னபேதி. கசடைத் துணியில் வடித்து உலர்த்திப் பொட்டலமாக்கி, அருகிலுள்ள கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கேட்டு அவர்களது கழிவோடு சேர்க்கக் கொடுங்கள். கலந்த கரைசல் மிஞ்சினால் பழைய பருத்தித் துணியில் பூசி அச்சிட்டுத் தீர்த்துவிடலாம். அப்படி அச்சிட்ட துணியைப் பின்னால் துவைக்கும்போது சோப்புத் தூள் வேண்டாம், வெறும் தண்ணீர், வெளுப்பு தெரிந்தால் கடைசி அலசலில் சிறிது வினிகர்.